நடு மோட்டார்

பாகப்பிரிவினைப் பத்திரத்தில்
எல்லாவற்றுக்கும் எல்லை உண்டு.
வேப்பமரம் அண்ணனுக்கு,
சருகு விழுவது எங்கள் பக்கம்.
கார் ஷெட் மட்டும்
"பொதுவில் அனுபவித்து வர வேண்டியது."

ஒன்பதடி அகலம், எட்டடி உயரம்.
விளாங்குடி வெயிலில் பகலெல்லாம் காய்ந்து
சாயங்காலமும் கையைச் சுடும் ஷட்டர்.
உள்ளே அவருடைய கார், என்னுடைய ஆம்னி.
நான்கு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

ஷட்டர் பேசும்.
பரவை மார்க்கெட்டில் கணக்கு முடித்து
பதினொன்றரைக்கு நான் வந்து தூக்கினால்
தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் ஓயும்.

தோள்பட்டை ஆபரேஷன் முடிந்து வந்த வாரம்
அண்ணன் மகன் கையில் ஒரு துண்டுச் சீட்டு:
"மோட்டார் போடலாம். பாதிப் பாதி."

ஷாகுல் வந்தான், டேப் பிடித்தான்,
ஷட்டரை ஒருமுறை தூக்கி
எடை சொன்னான்: "நூறு கிலோ வரும்.
ஸ்பிரிங்கு வேற தளர்ந்துபோச்சு."
அங்கிட்டு ஒரு டீ, இங்கிட்டு ஒரு டீ.
ஒருநாளைக்கு எத்தனை தடவை திறப்பீங்க,
குழந்தைகள் ஷட்டருக்கடியில் ஓடுமா,
கரண்ட் எத்தனை மணி நேரம் போகும் என்று
ஒரே கேள்விகளை இரண்டு வீட்டிலும் கேட்டான்.

அண்ணன் கேட்டது பக்க மோட்டார்.
செயின் ஓடும். சத்தம் வரும்.
கரண்ட் போனால் கைச்சங்கிலி போதும்,
ஒரே ஆள் ஏற்றிவிடலாம்.
நான் கேட்டது சத்தமில்லாதது.
என் போக்குவரத்து
யார் காதிலும் விழ வேண்டியதில்லை.

"பக்க மோட்டாருன்னா
எந்தச் செவுத்துலண்ணே மாட்ட?"

வலது சுவர் எனக்கு. இடது சுவர் அவருக்கு.
அன்றைக்கு இரண்டு டீயும் ஆறிப்போனது.

அப்படித்தான் நடு மோட்டார் முடிவானது.
ஷட்டர் உருளையின் மையத்தில்,
இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல்.
கரண்ட், போர்வெல்லுக்கு இருக்கும் பொது மீட்டரில்.
ரிமோட் இரண்டு.
பேட்டரி வைத்தால் எட்டாயிரம் கூட என்றான்.
யார் வீட்டுக்குள் வைப்பது என்று
அவன் கேட்பதற்கு முன்பே சொன்னேன்,
"அத அப்புறம் பாக்கலாம்."
"அங்கயும் இதே வார்த்தைதாண்ணே,"
சிரிக்காமல் எழுதிக்கொண்டான்.

நன்றாகத்தான் இருந்தது.
பட்டனை அமுக்கினால்
பாய் சுருட்டுகிற மாதிரி ஏறியது.
வேலுத்தாய்க்குத்தான் குறை.
ஷட்டர் சத்தம் கேட்டதும் தோசைக்கல்லை ஏற்றுவாள்;
இப்போது நான் உள்ளே வந்து நின்ற பிறகு
அடுப்பைப் பற்றவைக்கிறாள்.
இன்னொன்றும் கவனித்தேன்.
முன்பெல்லாம் நான் ஷட்டரை இறக்கியதும்
அண்ணன் வீட்டு வாசல் லைட் அணையும்.
இப்போது எப்போது அணைப்பது என்று தெரியாமல்
அது ஒரு மணி வரைக்கும் எரிகிறது.

ஐப்பசி மழை ராத்திரி.
தெருவே இருட்டு. ரிமோட்டை அமுக்கி அமுக்கிப் பார்த்தேன்.
விடுவிக்கிற வயர் உள்பக்கம்.
யாரைக் கூப்பிட என்று யோசித்து
ஹார்ன் அடிக்காமல் நனைந்துகொண்டிருந்தேன்.

ஷட்டருக்கடியில் டார்ச் வெளிச்சம் வந்தது.
உள்ளே வயரை இழுக்கும் சத்தம்.
கீழே கை கொடுத்துத் தூக்கினேன்.
இடுப்பளவில் நின்றுவிட்டது.
அந்தப் பக்கமிருந்து
ஒரு கை வந்து சேர்ந்தது,
ஆபரேஷன் செய்யாத கை.

வேனை உள்ளே விட்டு
இருவரும் பிடித்து இறக்கும்போது
அண்ணன் சொன்னார்:
"பைய விடு."

அவ்வளவுதான்.
அவர் இடதில் போனார், நான் வலதில்.

நேற்று ஷாகுல் போன் பண்ணினான்.
பேட்டரி ஆயிரம் ரூபாய் குறைஞ்சிருக்காம்,
கொண்டுவரட்டுமா என்றான்.
இப்போதைக்கு இருக்கட்டும் என்றேன்.
"அண்ணங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுரவா?"
கேட்டுப் பார் என்றேன்.
கால் மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டு
எதுவும் சொல்லாமல் கொஞ்ச நேரம்
லைனிலேயே இருந்தான்.